இரண்டாவது டிக்

நான் பயந்த சுபாவம். இதை எழுத எனக்கு வெட்கமில்லை, என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் என் எதிரிலேயே சொல்லிச் சிரிக்கிற விஷயம்தான். சிலிண்டரை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவேன். அகாலத்தில் போன் அடித்தால் முதலில் சாமி படத்தைப் பார்ப்பேன், அப்புறம்தான் போனை எடுப்பேன். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் பயங்களுக்குப் பதில் சொல்வதையே விட்டுவிட்டார். "ம்" என்பார், பேப்பரைத் திருப்புவார்.

அக்கா எனக்கு நேர் எதிர். லால்குடிப் பக்கம் வாழை போட்ட குடும்பத்தில் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான் இரண்டு பேரும், ஆனால் தைரியம் முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டாள். மாணவியர் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ரிட்டயர் ஆனவள். ஒவ்வொரு ராத்திரியும் அறை அறையாகப் போய் லைட்டையும் ஃபேனையும் அணைப்பது அவள் வேலையில் ஒரு பாகம். அத்தான் காலமான பிறகு ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்துத் தனியாக வந்து உட்கார்ந்தாள். ஒரே மகள் சிங்கப்பூரில். மன்னார்புரத்தில் எங்கள் வீட்டிலேயே ஓர் அறை காலியாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, விடிகாலையில் எழுந்து நாலு எட்டு நடந்தால் பெருமாள் இருக்கிறார், உன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றாள். என் வீட்டுக்காரர் அதற்கும் "ம்" என்றார்.

விடுதியை விட்டு வந்தாலும் ரவுண்ட்ஸ் அவளை விட்டுப் போகவில்லை. மனிதர்கள் இல்லாத வீட்டில் எதை அணைப்பது? ஒரு நாள் போன் சார்ஜர் மேல் தற்செயலாகக் கை பட்டிருக்கிறது. போன் அதில் மாட்டப்பட்டிருக்கவில்லை, ஆனாலும் சார்ஜர் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. அன்றைக்கே என்னைக் கூப்பிட்டாள்.

"வேலையே செய்யாதப்போ இது ஏன்டி சூடா இருக்கு?"

எனக்கு எப்படித் தெரியும். ஆனால் அவள் அதோடு விடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை வைத்து வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானையும் தொட்டுப் பார்த்தாள். அணைத்த டிவிக்குக் கீழே சிவப்பு விளக்கு. செட்டாப் பாக்ஸ், ஒன்றும் ஓடாதபோதும் நல்ல சூடு. வாஷிங் மெஷின், வாட்டர் ஃபில்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, எல்லாம் அணைத்த பிறகும் மெல்ல மெல்லக் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தன. வார்டனுக்குத் தெரியாமல் போர்வைக்குள் முழித்திருக்கும் பெண்களைப் பிடித்த மாதிரி அவளுக்கு ஒரே உற்சாகம். அன்றிலிருந்து தினமும் படுக்கப் போகும்முன் ஒரு ரவுண்ட்ஸ், அறை விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில்தான், அப்போதுதான் பொட்டு வெளிச்சம் கண்ணில் படும். முதலில் சமையலறை. பிறகு வாஷிங் மெஷின். பிறகு ஹாலில் டிவியும் செட்டாப் பாக்ஸும். கடைசியில் மோடம். எல்லாம் சுவரில் இருக்கும் சுவிட்சிலேயே அணைய வேண்டும், ரிமோட்டில் அணைப்பது கணக்கில் சேராது. ஃப்ரிட்ஜுக்கு மட்டும் மன்னிப்பு. கோயிலுக்குக் கிளம்பும்போதும் மாடி வீட்டில் ஃப்ரிட்ஜைத் தவிர ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது.

என் வீட்டைச் சொல்ல வேண்டாம். விளக்கை அணைத்தால் சிவப்பும் பச்சையுமாக ஏழெட்டுப் பொட்டுகள் மினுங்கும். எனக்கு அவை வேண்டும். இருட்டில் முழிப்பு வந்தால் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது என்று ஆறுதலாக இருக்கும். அக்கா வந்தபோதெல்லாம் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே என்னைக் கிண்டல் செய்வாள். உன் பயமும் இந்த டப்பா மாதிரிதான்டி, ஒரு வேலையும் செய்யாது, ஆனா எப்பவும் சூடா இருக்கும் என்பாள்.

தனியாக இருப்பவளைத் தினம் இரண்டு வேளை போனில் கூப்பிட்டு நலம் விசாரித்தால் அவளுக்குக் கோபம் வரும். நான் என்ன நோயாளியா என்பாள். அதனால் நானும் அவள் மகளும் வேறு வழி பிடித்தோம். அக்கா போனில் மொபைல் டேட்டாவை எப்போதும் அணைத்தே வைத்திருப்பாள், மோடம் எரிந்தால்தான் மெசேஜ் போய்ச் சேரும். மோடம் அணைந்திருந்தால் நான் அனுப்பும் மெசேஜுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிக் நிற்கும். அவள் கோயிலிலிருந்து வந்து, காபி குடித்து, மோடத்தைப் போட்டவுடன் இரண்டாவது டிக் விழும். அதுதான் எங்களுக்குச் செய்தி. காலையில் நான் அனுப்பும் மெசேஜில் இரண்டாவது டிக்கைப் பார்த்துவிட்டுத்தான் நான் குளிக்கப் போவேன். அக்காவுக்கும் இது தெரியும். ஒரு நாள் சண்டையில் நானே உளறிவிட்டேன். என் மோடத்தை வெச்சா நாடி பார்க்குறீங்க என்று சிரித்தாள்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாள் அது. முந்தின ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு ஜாக்கெட் துணியைப் படம் எடுத்து, அந்த மாம்பழக் கலர் புடவைக்கு இது சேருமா என்று அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். உடனே இரண்டு டிக். அடடே, இன்னும் தூங்கவில்லையா என்று நினைத்தேன். பதில் வரவில்லை, நானும் தூங்கிவிட்டேன். விடிந்ததும் வழக்கம்போல ஒரு வணக்கம் அனுப்பினேன். அதற்கும் உடனே இரண்டு டிக். அக்கா இன்னைக்கு சீக்கிரமே எழுந்துட்டா என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நிம்மதியாக இருந்தது. காபி போட்டேன், முளைக்கீரையை முறத்தில் கொட்டிக்கொண்டு ஆயத் தொடங்கினேன்.

பாதிக் கீரையில் கை நின்றது.

விடிந்ததும் விடியாததுமாக அக்கா மோடத்தைப் போட மாட்டாள். குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் போடுவாள். முந்தின ராத்திரியும் நான் படுக்கும் நேரத்தில் அவள் வீட்டு மோடம் அணைந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் அது ராத்திரி முழுவதும் எரிந்திருக்கிறது. என் வீட்டில் அது சாதாரணம். அக்கா வீட்டில் அது நடக்காது. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட எழுந்து போய் அணைத்துவிட்டுப் படுத்தவள் அவள்.

ஊரெல்லாம் இரண்டாவது டிக் வரவில்லையே என்று கவலைப்படும். வந்துவிட்டதே என்று நடுங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, மறந்திருப்பாங்க, கோயிலுக்குப் போயிருப்பாங்க என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ம்" சொல்லாமல் வண்டிச் சாவியை எடுத்தார்.

அவர் மஞ்சள் விளக்குக்கே நிற்கிற மனிதர். காந்தி மார்க்கெட் பக்கம் லோடு லாரி மறித்துக்கொண்டு நின்றது, வெங்காய மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிதானமாக இறக்கினார்கள். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. எங்கே ஓடுவது, காவிரியைத் தாண்டியல்லவா போக வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்தபடி நான் வேண்டாத தெய்வமில்லை. சமயபுரத்துக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டேன், பாலத்தில் ஏறும்போது, ரங்கா, தினமும் வந்து உன் முன்னால் நிற்கிறவள், உனக்குக் கண்ணில்லையா என்று சண்டையும் போட்டேன். ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. போனை எடுத்து, அக்கா என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வீட்டில் மோடம் எரிகிறது, போனில் என் மெசேஜ் போய் விழுகிறது, அவள் மட்டும் அதை எடுக்கவில்லை.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம், பதட்டமே படாதவர். என்னைப் பார்த்ததும் அவராகவே சொன்னார்.

"விஸ்வரூப சேவைக்குப் போயிருப்பா. பெருமாளைச் சேவிச்சுட்டு இப்ப வந்துடுவாம்மா. மாடியில விளக்கே எரியலையே."

மற்ற நாளாக இருந்தால் நானும் அதைத்தான் நம்பியிருப்பேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மாற்றுச் சாவி என்னிடம் உண்டு. உள்தாழ்ப்பாள் போடக் கூடாது என்று நானும் அவள் மகளும் மாதக்கணக்கில் சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்திருந்தோம். போட்டிருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. என் வீட்டுக்காரர் வாங்கித் திறந்தார். தாழ்ப்பாள் போடவில்லை.

ஜன்னல்கள் சாத்தி, உள்ளே அரை இருட்டாக இருந்தது. அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ற பயம். வாசலை ஒட்டியது சமையலறை. பார்த்தேன். ஃபில்டரில் விளக்கில்லை, அடுப்பில் விளக்கில்லை, சுவிட்சுகள் எல்லாம் மேலே தூக்கியிருந்தன. பக்கத்தில் வாஷிங் மெஷின், அதுவும் அணைந்திருந்தது. ஹால் பக்கம் திரும்பினேன். டிவிக்குக் கீழே சிவப்புப் பொட்டு. செட்டாப் பாக்ஸில் இன்னொரு சிவப்புப் பொட்டு. படுக்கை அறை வாசலை ஒட்டித் தாழ்வாக மோடம் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ரவுண்ட்ஸ் எந்த இடத்தில் நின்றுபோனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கணுக்கால் உயரத்தில்தான் அந்த சுவிட்ச். சோஃபாவைச் சுற்றிப் போனேன். அக்கா தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் பார்க்கச் சகிக்காதபடி திரும்பியிருந்தது. ஒரு கை மோடம் இருந்த பக்கம் நீண்டிருந்தது. கண் திறந்திருந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு அந்தக் கண் என்னைப் பார்த்து அசைந்தது.

"வந்துட்டியா," என்றாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "அந்த மோடத்தை அணைடி முதல்ல."

நான் அணைக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார், துணியை நனைத்து வந்து அவள் உதட்டில் வைத்தார், கடைசியில் மோடத்தையும் அணைத்தார்.

புத்தூரில் ஆஸ்பத்திரி. இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். குனிந்து சுவிட்சைத் தொடப் போனபோது தலை சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். சிங்கப்பூரிலிருந்து மகள் பறந்து வந்தாள், இருந்தாள், லீவு முடிந்து அழுதுகொண்டே போனாள். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா இனிமேல் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் சித்தி, காலி செய்துவிடலாம், முடிவை நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார்கள் என்றாள். அப்படியே போவதாக இருந்தால் அறைக்கு அறை கேமரா வைத்தாக வேண்டும் என்பதும் அவள் கட்சி. கேமரா என்றதும் அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அக்கா என் வீட்டில், என் கண் முன்னால். இனி டிக்கும் வேண்டாம், மோடமும் வேண்டாம். வாக்கர் வைத்து நடக்க ஆரம்பித்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். ஆனால் எதையும் அணைக்கவில்லை. எங்கள் வீட்டு ஹாலில் அத்தனை பொட்டுகளும் மினுங்கின, அவற்றைக் கடந்து வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனாள், ஒன்றைக்கூடத் தொடவில்லை. ராத்திரி படுக்கும்போது ஹால் லைட் எரியட்டும் என்றாள். கதவை ஒருக்களித்து வைக்கச் சொன்னாள். பாத்திரம் விழுந்த சத்தத்துக்குத் திடுக்கிட்டாள். அது நான் செய்ய வேண்டிய காரியம், அவள் செய்யக் கூடாது. இத்தனை வருஷமாக நான் தாராளமாகப் பயப்பட்டுக்கொண்டிருந்தது அவள் பயப்படமாட்டாள் என்ற தைரியத்தில்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது வீட்டில் இரண்டு பயந்தவர்கள்.

ஒரு மத்தியானம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். என் முகம் அவளுக்குத் தெரியாததால் சொல்ல முடிந்ததோ என்னவோ, அவளாகவே ஆரம்பித்தாள்.

"சாவைப் பத்திப் பயமில்லடி. விழுந்து கிடக்கேன், கத்தினது கீழ கேக்கல, மேஜை மேல போன் டிங்னுச்சு. நீதான்னு தெரியும். மோடம் எரியுது, ரெண்டு டிக் போயிருக்கும், அக்கா நல்லாத்தான் இருக்கான்னு நீ படுத்துத் தூங்கிடுவேன்னு நினைச்சேன். அதை எப்படியாவது அணைச்சிடணும்னு ராத்திரி பூரா நகர்ந்து பார்த்தேன். முடியல."

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"உனக்குப் பயம் வரணும்னு வேண்டிக்கிட்டேன். பெருமாளே, அவளுக்கு எப்படியாவது பயத்தைக் குடுன்னு."

அவள் அங்கே கிடந்து வேண்டிக்கொண்டிருந்த அந்த ராத்திரி முழுவதும் நான் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது, நடந்ததற்காக அல்ல, கீரை ஆயும்போது அது என் புத்தியில் தட்டாமலே போயிருந்தால் என்பதற்காக. பின்னலைப் போட்டு முடித்தேன். நுனியில் ரிப்பனை இரண்டு முடிச்சாகக் கட்டினேன்.

சொல்லிவிட்டதில் அவளுக்குப் பாரம் குறைந்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் ஹால் லைட்டை அணைக்கச் சொன்னாள். தை பிறந்த பிறகு ஒரு காலை, நான் சமையலறையில் இருந்தபோது வாக்கர் சத்தம் ஹாலில் நின்றது. எட்டிப் பார்த்தேன். அக்கா மேஜை ஓரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு புறங்கையைச் சார்ஜர் மேல் வைத்திருந்தாள்.

"இது ஏன்டி சூடா இருக்கு?" என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதே சமயம் ஒன்று தெரிந்துவிட்டது, இனி இவளை இங்கே பிடித்து வைக்க முடியாது. அன்று சாயங்காலமே அவள் மகளிடம் பேசினேன். வீட்டைக் காலி செய்ய வேண்டாம், கேமரா வேண்டாம், அம்மா திரும்பிப் போகட்டும் என்றேன். சித்தி, நீங்களா சொல்றீங்க என்று கேட்டாள். நான்தான் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடி வீட்டின் எல்லாப் பிளக் பாயிண்டையும் மார்பு உயரத்துக்கு ஏற்றினோம். சுவர் முழுக்க சிமென்ட் பூசிய திட்டுகள், பார்க்க அழகில்லை. இனிமேல் எதையும் குனிந்து அணைக்க வேண்டியதில்லை. மெசேஜ் விஷயத்தையும் பேசி மாற்றினோம். ரவுண்ட்ஸ் முடிந்து, கடைசியாக மோடத்தை அணைக்கும்முன் ஒரே ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும்: அணைச்சாச்சு. அது வந்த பிறகு நான் அனுப்பும் பதிலில் ஒரே டிக் நிற்க வேண்டும். நின்றால் அவள் தன் கையால் மோடத்தை அணைத்துவிட்டாள், படுக்கப் போய்விட்டாள் என்று அர்த்தம்.

கொண்டுபோய் விட்ட அன்று கீழ் வீட்டுக்காரர் துளசித் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு அணைத்துப் பார்த்தாள், விடுதிக்கு வந்த புதுப் பெண்களைப் பார்ப்பது போல. கிளம்பும்போது நான் வாசலிலேயே நின்றேன். போயிட்டு வா, சும்மா நின்னு என்னையும் பயமுறுத்தாதே என்றாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம், நான் சாப்பிட்டது போலப் பாவனை செய்தேன். அவள் படுக்கும் நேரம் வந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது சமையலறையில் இருப்பாள். இப்போது வாஷிங் மெஷின். இப்போது சோஃபாவைச் சுற்றி வருவாள். வாக்கர் கார்பெட்டில் தடுக்கினால்? கார்பெட்டை எடுத்துவிட்டோமா? எடுத்துவிட்டோம், நானே சுருட்டினேன். என் வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். அதன் கீழே சிவப்புப் பொட்டு எரிந்தது. அவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனார்.

போன் டிங் என்றது. அணைச்சாச்சு. அதற்குக் கீழே இன்னொரு வரி: நீயும் அணை.

சரிக்கா, தூங்கு என்று அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. ஸ்ரீரங்கத்தில் அந்த மாடி இப்போது முழு இருட்டு. இரண்டாவது டிக் வரக் கூடாது, வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டே, வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.